அர்த்தக்காவின் அளவு நோட்டு

டயர் கடைக்கு மேலே இருந்த ஹாலுக்கு ஞாயிறு தவறாமல் பரலோகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. ரப்பர் வாசனையைப் பற்றி அது குறை சொன்னதாகத் தெரியவில்லை. எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு மின்விசிறி, ஒரு கீபோர்டு, தேவைக்கு மேல் கத்தும் இரண்டு ஸ்பீக்கர், இவ்வளவுதான் சபை. பாஸ்டர் ஊழியத்துக்கு வருவதற்கு முன் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போதும் பிரசங்க மேடையின் இரண்டு ஓரத்தையும் ஸ்டியரிங்கைப் போலப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார், முக்கியமான இடம் வந்தால் லேசாக இடது பக்கம் சாய்வார்.

அந்தச் சபையில் அந்நிய பாஷை உண்டு. ஜெபம் சூடேறும்போது யாராவது ஒருவருக்கு நாக்கு தன் பாட்டுக்குப் புரண்டு, அவருக்கே தெரியாத மொழியில் பேச ஆரம்பித்துவிடும். அதற்கு ஒரு விதியும் உண்டு. பேசியதற்கு அர்த்தம் சொல்ல ஆள் இருந்தால்தான் சபையில் சத்தமாகப் பேசலாம், இல்லையென்றால் மனதுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். பாஸ்டர் இதில் கண்டிப்பு. நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தாத மனுஷர் வேறு எப்படி இருப்பார்?

அர்த்தம் சொல்லும் அந்த ஆள் ஒரு தையல்காரி. ரெண்டு தெரு தள்ளி, பழைய துணிகளைப் பிடித்து இறுக்கித் தைப்பதும் பிரித்து லூசாக்குவதும் மட்டும் செய்கிற சின்னக் கடை அவளுடையது. சபையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அர்த்தக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதல் தடவை அவள் எழுந்து அர்த்தம் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ நிறைந்தது, வாய் திறந்தது, வார்த்தை வந்தது. அடுத்த வாரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் பாஷை பேசி முடித்தவர் வியர்த்து நிற்கிறார், எண்பது முகம் அவளையே பார்க்கிறது. எதுவும் வரவில்லை என்று சொன்னால் விதிப்படி பாஷை பேசுகிறவர்களின் வாயை அடைக்க வேண்டியிருக்கும். பாவமாக இருந்தது. அவர்களுக்குத் தேவையானதைச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்ததுதான் புலிவால். விடவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அவள் சொன்னது பலித்ததுதான் வினை. ஒன்றும் மந்திரமில்லை. உடுப்பை லூசாக்கக் கொண்டு வருகிற பெண் மாசமாக இருப்பது அவள் புருஷனுக்கு முன்பே டேப்புக்குத் தெரிந்துவிடும். குழாய் வேலைக்காரரின் மனைவிக்கு இடுப்பு ரெண்டு இஞ்சு கூடியதைக் கடையில் குறித்துக்கொண்டாள். அந்த ஞாயிறு ஒரு பாஷைக்கு, “என் மகளே, உன் கர்ப்பத்தை நினைத்தருளினேன்” என்று அர்த்தம் சொன்னாள். சபை குலுங்கிப்போனது. இரும்புக்கடை அண்ணன் பெண்டாட்டி செத்த துக்கத்தில் பாதியாகி, பேன்ட்டைப் பிடித்துத் தைக்கக் கொண்டு வந்தார்; அவர் மனைவி பரலோகத்தில் சமாதானமாக இருக்கிறாள் என்று கர்த்தர் சொன்னதாகச் சொன்னாள். அதற்கப்புறம் மனுஷர் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட வைத்த வார்த்தை எப்படிப் பொய்யாகும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அப்புறம் டீச்சர் வந்தார்.

டீச்சர் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகாதவர், அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரே ஒரு வெள்ளை உடுப்பு வைத்திருந்தார். நாலு மாதத்தில் மூன்று தடவை அதைப் பிடிக்கக் கொண்டு வந்தார். முப்பத்தாறில் தைத்த உடுப்பு; மார்பு முப்பத்தைந்து, அப்புறம் முப்பத்து நாலு, அப்புறம் முப்பத்து மூன்று. மூன்றாம் தடவை கண்ணாடி முன்னால் நின்றவர் சத்தமில்லாமல் அழுதார். அர்த்தக்கா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்க முடியவில்லை. கேட்காமலே புரிந்தது.

அந்த வாரம் இரும்புக்கடை அண்ணன் பாஷை பேசினார். அர்த்தக்கா எழுந்தாள், கண்ணை மூடினாள், கண்ணாடியில் பார்த்த அந்த முகம் வந்தது. “மகளே, உன் வியாதியைக் கண்டேன். உன்னைச் சுகமாக்கிவிட்டேன். பயப்படாதே” என்றாள். டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு அர்த்தக்கா வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

ரெண்டு வாரம் கழித்து டீச்சர் சாட்சி சொல்ல எழுந்தார். மார்பில் கட்டி இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் பதினெட்டு நாள், வியாழக்கிழமை. உடனே எடுத்துவிட்டால் பிழைக்கலாம், தள்ளிப் போட்டால் சொல்ல முடியாது என்றார்களாம். “ஆனா ஆண்டவர் எனக்கு நேரடியாச் சொல்லிட்டார். சுகமாக்கிட்டேன்னு சொன்னார். ஆக்குவேன்னு சொல்லல. அதனால நான் போகப்போறதில்ல” என்றார், கரும்பலகையில் விடையை எழுதி அடிக்கோடு போடுகிறவரைப் போல. சபை அல்லேலூயா என்றது.

பயந்தாலும் அர்த்தக்காவுக்கு வழி உடனே தோன்றிவிட்டது. பொய்யால் போட்ட முடிச்சைப் பொய்யாலேயே அவிழ்த்துவிடலாம். அடுத்து யார் பாஷை பேசினாலும், “மகளே, வைத்தியரிடம் போ, அவர் கையில் நான் இருப்பேன்” என்று சொன்னால் முடிந்தது. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அன்றைக்கு யாரும் பாஷை பேசவில்லை.

இரும்புக்கடை அண்ணன் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினார், வாயைத் திறந்தார், திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பல் வலிக்காரர் டாக்டரிடம் காட்டுவதைப் போல இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் இன்னொரு பாட்டு போடச் சொன்னார். கீபோர்டு ஓய்ந்ததும் ஆறு மின்விசிறியும் சுற்றுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அந்த ஹாலில் அது கேட்கும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை மாலை ஜெபத்திலும் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. சபையில் யாரோ மறைவான பாவம் செய்கிறார்கள் என்று பாஸ்டர் ரெண்டு மணி நேரம் பிரசங்கித்தார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அர்த்தக்காவை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் டீச்சர் வீட்டுக்கே போனாள். மாடிப்படியில் டீச்சரின் அண்ணன் அவளை மறித்து, ஆஸ்பத்திரித் தேதியை இன்னும் ரத்து செய்யாமல் வைத்திருப்பதாகவும், தங்கச்சியிடம் எப்படியாவது பேசும்படியும் காதோடு சொன்னார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்துகொண்டால் நல்லது என்று அர்த்தக்கா மென்று முழுங்கிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னைக்கு உன் வாயால ஆண்டவர் பேசினார். இன்னைக்கு உன் வாயால நீ பேசுற. நான் யாரை நம்பணும்?” என்று கேட்டார்.

அன்றைக்கும் நான்தான் பேசினேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பன்னிரண்டு வருட மரியாதை, சின்னப் பாரமா? அவள் டீச்சர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தாள். வரும் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். மேலே போகிறது கீழே வருகிறது எல்லாம் நான் ஆறு நாளும் பார்க்கிறேன், ஏழாம் நாள் வேண்டாம் என்பான். சாப்பாட்டு மேசையில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

“கயிறு தேஞ்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகு, ஒண்ணும் ஆகாது ஏறுங்கன்னு நான் யாரையும் ஏத்தி விட்டதில்ல” என்றான். தட்டைக் கழுவப் போய்விட்டான்.

கடையிலும் சபையின் மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. மெஷின் ஓடும்; துணியை எடுத்துப் பார்த்தால் வரிசையாக ஊசி குத்திய ஓட்டை இருக்கும், நூல் இருக்காது. பாபினைக் கழற்றி மாட்டினாள், ஊசியை மாற்றினாள், எண்ணெய் விட்டாள். டீச்சர் நின்ற கண்ணாடியில் துணியைப் போட்டு மூடி வைத்தாள். ஏனென்று கேட்ட வாடிக்கையாளரிடம் கண் கூசுகிறது என்றாள்.

கடைசிப் புதன்கிழமை வந்துவிட்டது. மறுநாள் வியாழன். மாலை ஐந்து மணி ஜெபத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள், டீச்சர் வெள்ளை உடுப்பில் ரெண்டாம் வரிசையில் இருந்தார். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்தது, கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்தது. பாஸ்டர் எல்லோரையும் அவரவருக்கு வந்தபடி ஜெபிக்கச் சொன்னார். அர்த்தக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

முப்பது பேரின் உதடும் ஒன்றுபோல அசைந்துகொண்டிருந்தது. ஒருவர் மன்றாடுகிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் நன்றி சொல்கிறார். ஆனால் எல்லா உதடும் ஒரே நேரத்தில் திறந்தது, ஒரே நேரத்தில் மூடியது. சத்தம் மட்டும் இல்லை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது அவரவர் உதடு அவரவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கண் ஏமாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்ளாவிட்டால் அங்கே இருக்க முடியாது.

இனி காத்திருக்க நேரமில்லை. பாஷையையும் தானே பேசிவிடுவது என்று முடிவு செய்தாள். பன்னிரண்டு வருடம் கேட்ட காதுக்கு அந்த ராகம் தெரியாதா? நாலு வார்த்தையை உருட்டிவிட்டு, மூச்சு வாங்கி, வைத்தியரிடம் போகச் சொல்லி அர்த்தம் சொன்னால் போதும். எழுந்தாள், கையைத் தூக்கினாள்.

முதல் மூன்று ஒலி அவளுடையது. நாலாவது அவளுடையது இல்லை.

அவள் குரல்தான். அவள் தொண்டைதான். ஆனால் அவளைக் கேட்காமல் அது போய்க்கொண்டிருந்தது. நிதானமான, சீரான பேச்சு. கேள்வி கேட்பது போல ஓர் இடத்தில் உயர்ந்தது, பதில் வராததால் நின்றது, மறுபடி தொடர்ந்தது. அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். உள்ளங்கைக்கு அடியில் தன் உதடுகள் அசைவது தெரிந்தது. கத்தரியை வைத்து நறுக்கியதுபோல அது நின்றது.

சபை ஸ்தோத்திரம் என்று பெருமூச்சு விட்டது. கடைசியில் ஆண்டவர் வந்துவிட்டாரே! எல்லோரும் அர்த்தத்துக்காக அவளைப் பார்த்தார்கள். மனதில் போட்டு வைத்திருந்த வாக்கியம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

அப்போது டீச்சர் எழுந்தார்.

கண் மூடியிருந்தது. வகுப்பில் வருகைப்பதிவு வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்: “மார்பு முப்பத்தைந்து. முப்பத்து நாலு. முப்பத்து மூன்று. நீ மூன்று தரம் அளந்தாய். குழாய் வேலைக்காரன் மனைவி, இடுப்பு இருபத்தெட்டு, முப்பது. நீ அளந்தாய். இரும்புக்கடைக்காரன், இடுப்பு நாற்பது, முப்பத்தைந்து. நீ அளந்தாய்.”

அந்த எண்கள் ஒரே இடத்தில்தான் இருந்தன. கடை மேசை இழுப்பறையில், அர்த்தக்காவின் கையெழுத்தில், அவள் ஒருத்தி மட்டும் பார்க்கிற அளவு நோட்டில். டீச்சர் வாசித்துக்கொண்டே போனார். மறந்தே போன பேர்களும், ஊரை விட்டுப் போனவர்களும், செத்துப்போனவர்களும் அந்த வரிசையில் வந்தார்கள். நோட்டில் இருந்த வரிசை பிசகவில்லை. சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒவ்வோர் எண்ணுக்கும் பழக்கதோஷத்தில் ஆமென் போட்டது.

“அளந்தவள் நீ” என்று முடித்தது அந்தக் குரல். “சொன்னவளும் நீ. நான் இவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.” இவளுக்கு என்றபோது டீச்சரின் கை தன் நெஞ்சையே தொட்டது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். “நான் உட்கார்ந்துதானே இருந்தேன்? ஏன் நிக்கிறேன்?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார்.

பாஸ்டர் மேடையின் ஓரங்களை இறுகப் பிடித்தார். இவ்வளவு எண்ணை அவர் வாழ்நாளில் எந்தத் தீர்க்கதரிசனத்திலும் கேட்டதில்லை. அர்த்தக்கா பக்கம் திரும்பினார். “சிஸ்டர், இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார்.

இதுதான் வேடிக்கை. அப்போதும் அவள் தப்பித்திருக்கலாம். எண்களெல்லாம் பரலோகக் கணக்கு என்று எதையாவது சொல்லி, டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தன் பேரையும் காப்பாற்றியிருக்கலாம். ஆமென் சொல்ல முப்பது வாய் தயாராக இருந்தது. ஆனால் டீச்சர் வாயால் பேசியது இன்னும் இந்த ஹாலை விட்டுப் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்று சொல்ல முடியாது. கூட ஒரு ஆள் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

“அது என் அளவு நோட்டு பாஸ்டர்” என்றாள். குரல் உடைந்தது. “இத்தனை வருஷம் நான் சொன்ன அர்த்தமெல்லாம் அதுல பார்த்துச் சொன்னதுதான். ஆண்டவர் எனக்கு ஒண்ணும் சொல்லல. டீச்சர், சுகமாக்கிட்டேன்னு சொன்னது அவரில்ல. நான். நீங்க அழுததைப் பார்த்துட்டுச் சொன்னேன். தயவுசெஞ்சு நாளைக்குப் போங்க.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரும்புக்கடை அண்ணன்தான் மெதுவாக எழுந்தார்.

“அப்போ அவ சமாதானமா இருக்கான்னு எனக்குச் சொன்னது?”

“அதுவும் நான்தாண்ணே.”

அவர் தலையை ஆட்டினார், நாற்காலியை நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அர்த்தக்கா அன்றைக்கு அழுத அழுகை அவருக்காகத்தான். டீச்சர் அழவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவளருகே வந்து நின்றார்.

“இப்ப என் வாயால பேசினது யாரு?” என்று கேட்டார்.

அர்த்தம் கேட்டு வந்த யாருக்கும் அவள் இதுவரை சொல்லாத பதிலைச் சொன்னாள். “எனக்குத் தெரியல டீச்சர்.”

டீச்சர் படியிறங்கினார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அர்த்தக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. வருவாரா மாட்டாரா என்பதும் தெரியாது. ஏழே முக்காலுக்கு ஒரு டாக்சி வந்தது, அண்ணன் இறங்கினார், பின்னால் வெள்ளை உடுப்பு இறங்கியது. டீச்சர் அவளைத் திட்டவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவள் பின்னாலேயே மாடிக்குப் போனாள்.

நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியில் டீச்சர் இன்னும் இளைத்துத் தெரிந்தார். அண்ணன் எங்கோ கையெழுத்துப் போடப் போயிருந்தார். டீச்சர் வெள்ளை உடுப்பை நாலாக மடித்து அர்த்தக்கா கையில் கொடுத்தார்.

“நான் பிழைப்பேனான்னு ஏதாவது தெரியுதா உனக்கு?”

“இல்ல டீச்சர்.”

“பொய்யாவது ஒண்ணு சொல்லேன்.”

அர்த்தக்காவுக்கு ஒரு பொய் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! அவள் உடுப்பை விரித்து, உள்பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டுத் தையலை டீச்சரின் விரலில் வைத்தாள்.

“மூணு தடவை பிடிச்சேன் இல்ல, ஒரு தடவை கூட வெட்டல. துணியை உள்ளேயே மடிச்சு விட்டிருக்கேன். பிரிச்சா பழைய அளவு வந்துரும். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

டீச்சர் அந்த மடிப்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எவ்வளவு விட்டிருக்க?”

“பக்கத்துக்கு ஒண்ணரை இஞ்சு.”

“மொத்தம் மூணு” என்றார் டீச்சர். தள்ளுவண்டி வந்தது, அவர் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டார்.